வண்டி எங்கே வருகிறது?

கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. சுகுமார் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி விரலை பேன்ட்டில் அழுந்தத் துடைத்துக்கொண்டான். வியர்வை விரலுக்கு இந்த போன் மசியாது. முன்கண்ணாடிக்குக் கீழே ஸ்டாண்டில் மாட்டியிருந்த திரையில் பள்ளிப் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. சேலையூரில் ஏறிய மூன்று பேர் இன்னும் சிவப்பு வட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பச்சையாக்க வேண்டும். பச்சையானால்தான் 'உங்கள் குழந்தை பத்திரமாக வண்டியில் ஏறிவிட்டது' என்று அம்மாவின் போனுக்குச் செய்தி போகும். போகாவிட்டால் அம்மாவிடமிருந்து போன் வரும்.

இரண்டு முகங்களைப் பச்சையாக்கிவிட்டான். மூன்றாவதைத் தொடப்போன நேரத்தில் முகமெல்லாம் மறைந்து, ஜாஸ்மின் என்ற பெயர் திரையை அடைத்துக்கொண்டு கத்தியது. அகரம்தென் பக்கம் இருக்கிற கடைசி ஸ்டாப் அந்த அம்மாவுடையது.

"அங்கிள், எங்க வர்றீங்க? ஆப்ல பார்த்தா வண்டி செம்பாக்கம் ஏரிக்குள்ள நிக்குது."

பின் சீட்டில் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஏரியில இல்லம்மா. கேம்ப் ரோடு சிக்னல்ல கீறேன். வந்துகினே கீறேன்."

"டெய்லி இதையேதான் சொல்றீங்க. குழந்தைய வச்சுக்கிட்டு நான் எவ்ளோ நேரம் கீழ நிக்கறது? டைமிங் தெரியறதுக்குத்தானே ஆப் போட்டாங்க?"

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பேருந்துக்காரன் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. சுகுமார் கியரைப் போட்டான். அந்த மூன்றாவது பிள்ளை சிவப்பாகவே இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் தாண்டுவதற்குள் அதன் அம்மாவும் கூப்பிட்டுவிட்டாள்.

வேனுக்குச் சொந்தக்காரர் தயாளன். அப்பா காலத்து நிலத்தில் பாதி மனைகளாகிவிட்டது. மீதி இடத்தில் ஷெட் போட்டு மஞ்சள் வேன்களை நிறுத்தி, பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுகிறார். பள்ளிக்கூடத்துக்காரர்கள் கேட்டார்கள் என்று ஒவ்வொரு வேனிலும் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தார். வண்டி எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். பெற்றவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பெட்டி சொல்வது பாதி நேரம் பழைய கதையாகத்தான் இருக்கும். வண்டி மாடம்பாக்கத்தில் நிற்கும்போது அது கேம்ப் ரோட்டில் நிற்பதாகக் காட்டும். சில நாள் கோபித்துக்கொண்டதுபோல ஏரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பெட்டி வந்துவிட்டதால் ஆயா எதற்கு என்று தயாளனுக்குத் தோன்றிவிட்டது. காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, ஞானம்மாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெட்டிக்கான செலவை ஞானம்மாளின் சம்பளத்தில் ஈடுகட்டிக்கொண்டார்.

ஞானம்மாள் இருந்தவரைக்கும் சுகுமாருக்கு ஓட்டுவது ஒன்றுதான் வேலை. கதவோரச் சீட்டில் அந்த அக்கா உட்கார்ந்திருப்பாள். பிள்ளையைத் தூக்கி உள்ளே விடுவாள், மூக்கைத் துடைப்பாள், சண்டையை விலக்குவாள். அம்மாக்கள் கூப்பிட்டால் அவள்தான் பேசுவாள். "இதோ, சந்துமுனையில திரும்பிட்டோம் கண்ணு, புள்ளைய எறக்கு" என்பாள். வண்டி அப்போதுதான் சேலையூரைத் தாண்டியிருக்கும். இருந்தாலும் அந்தக் குரலுக்கு யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். பிள்ளை ஏறி உட்கார்ந்து கதவும் மூடியாகிவிட்டால் வெளியே கையை விட்டு வண்டித் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். அதற்கப்புறம்தான் சுகுமாரின் கால் கிளட்சை விடும். ஏழெட்டு வருஷமாக இப்படித்தான். அந்தச் சத்தத்தைக் காது கேட்டுக் காலுக்குச் சொன்னதாகக்கூட அவனுக்குத் தோன்றியதில்லை. கால் தானாகவே கேட்டுக்கொள்ளும்.

இப்போது ஏற்றுவதும் அவன்தான், பேசுவதும் அவன்தான், முகத்தைத் தொட்டுப் பச்சையாக்குவதும் அவன்தான். வேனுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் 'ஓட்டும்போது செல்போன் பேசாதீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தயாளனே கையால் ஒட்டினது. ஓரங்கட்டிப் பேசலாம் என்று ஓரங்கட்டினால், வண்டி நிற்கிறது என்று பெட்டி ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். ஏன் நிற்கிறது என்று கேட்டு இன்னும் நாலு போன் வரும். போனை அணைத்துவைத்தால் முகங்கள் பச்சையாகாது. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், "ஓனரே, ஒண்ணு நான் ஓட்டணும், இல்ல நான் பேசணும்" என்று சொல்லிவிட்டான். தயாளன் சிரித்தார். "ஊர்ல அல்லாரும் ரெண்டையும்தான்டா பண்ணிகினு கீறாங்க. உனக்கு மட்டும் இன்னா நோவு?"

மாடம்பாக்கம் மெயின் ரோட்டில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அடுத்த பிள்ளை ஏறுகிற ஐந்து மாடிக் குடியிருப்புக்கு எதிரே இடது பக்கம் முழுக்கப் பள்ளமும் செம்மண் மேடும். வேனை நிறுத்த இடமில்லாமல், கேட் வாசலை மறித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திய உடனே வாட்ச்மேன் சம்பத் ஓடி வந்துவிடுவான். அவன் பிழைப்பு அவனுக்கு. உள்ளேயிருந்து ஆபீஸ் போகிற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நேரம் அது. கேட் அடைபட்டால் திட்டு வாங்குவது சம்பத்துதான்.

"தலைவா, சீக்கிரம் எடு தலைவா. செக்ரட்டரி வந்தா என்னிய உண்டு இல்லன்னு பண்ணிருவாரு."

"புள்ள வரட்டும்பா. நான் இன்னா இங்க குடித்தனமா பண்ண வந்தேன்?"

லிப்ட் பக்கமிருந்து வினிதா வருவது கண்ணாடியில் தெரிந்தது. காதில் சின்ன வெள்ளை இயர்போன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் வேதாவின் பை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். காலையிலேயே மீட்டிங் ஆரம்பித்துவிடும். "யெஸ், யெஸ், ஐ ஆம் ஹியர்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே நடந்து வந்தாள். வேதா யூகேஜி. ஒரு ஷூவின் லேஸ் தரையில் இழுபட, அம்மாவுக்குப் பின்னால் குதித்துக் குதித்து வந்தது.

பிள்ளை வருவதைப் பார்த்ததுமே சுகுமார் திரையில் வேதாவின் முகத்தைத் தொட்டுவிட்டான். கொஞ்ச நாளாக இது ஒரு வழக்கமாகிவிட்டது. ஏறினபின் தொட்டால் நேரமாகிறது; முன்னாலேயே தொட்டுவிட்டால் ஒரு வேலை குறையும். முகம் பச்சையாவதற்காகச் சின்னச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அவன் இறங்கிப் போய்க் கதவை இழுத்துத் திறந்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தான். ஆயா நின்ற புதிதில் பிள்ளைகளை அவனே தூக்கி ஏற்றினான். இப்போது கால் மூட்டு ஒத்துழைப்பதில்லை. பெரும்பாலும் அம்மாக்களே ஏற்றிவிடுவார்கள்.

உட்கார்ந்த உடனே போன் அடித்தது. ஓனர்.

ஓனர் கூப்பிட்டால் எடுத்துவிட வேண்டும். எடுக்காத டிரைவரைப் பற்றி அவர் மற்ற டிரைவர்கள் நடுவில் வைத்துப் பேசுவார். சுகுமார் எடுத்துக் காதில் வைத்தான்.

"இன்னாடா, கேம்ப் ரோட்டுல வண்டியப் போட்டுட்டு தூங்கிகினு கீறியா? ஜாஸ்மினம்மா குரூப்புல போட்டு மானத்த வாங்கறா."

"கேம்ப் ரோடு இல்ல ஓனரே, மாடம்பாக்கத்துல கீறேன். பாப்பா ஏறிகினு கீது."

"ஆப்ல கேம்ப் ரோடுன்னுதான காட்டுது?"

"ஆப்ல ஏரியின்னுகூட காட்டுது ஓனரே. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"எதுத்துப் பேசாத. எடுடா வண்டிய. ஸ்கூல்லேர்ந்து எனக்கு போன் வருது."

உள்ளேயிருந்து ஒரு கார் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சம்பத் பதறிப்போய் வேனின் பின்பக்கம் வந்து, "போ போ, எடு" என்று சொல்லித் தகரத்தில் தட்டினான். இரண்டு தட்டு.

சுகுமாரின் கால் கிளட்சை விட்டது.

வண்டி ஓர் அடிதான் நகர்ந்திருக்கும். அதற்குள் வினிதா கத்தினாள். அப்படி ஒரு கத்தலை அவன் அதுவரை கேட்டதில்லை. பிரேக்கில் ஏறி நின்றான். உள்ளே பிள்ளைகள் முன் சீட்டில் போய் மோதி அழத் தொடங்கினார்கள். போனைப் போட்டுவிட்டு இறங்கிச் சுற்றி ஓடினான். வேனின் படிக்கும் பள்ளத்து மண்ணுக்கும் நடுவில் வேதா கிடந்தது. பின் சக்கரம் அதன் காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே, கை திரும்பக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்துகொண்டு அவனையே பார்த்தது. அழுகை அப்புறம்தான் வந்தது.

வினிதாவின் கையிலிருந்த போன் டிங் என்று ஒலித்தது. 'உங்கள் குழந்தை பத்திரமாக வண்டியில் ஏறிவிட்டது.' அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. சுகுமார் பார்த்தான்.

வேனைத் தள்ளி வழிவிட்டு, கேட்டுக்குள் ஹாரன் அடித்த காரிலேயே பிள்ளையைப் போட்டுக்கொண்டு தாம்பரத்துக்கு ஓடினார்கள். சுகுமாரும் ஏறப் போனான். யாரோ ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். இன்னொருவர் வேனின் சாவியை எடுத்துக்கொண்டார். ஐந்து மாடியிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். பாதிப்பேர் கையில் போனை உயர்த்திப் படமெடுத்தார்கள். "நான் பால்கனியிலேர்ந்து பார்த்தேன், போன்ல பேசிட்டேதான் எடுத்தான்" என்று ஒரு பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது பொய்யில்லை. சுகுமார் செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே அழுகிற பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லையே என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. சம்பத் கேட்டோரம் நின்றிருந்தான். வலது கையைக் கக்கத்துக்குள் இறுக்கி வைத்திருந்தான். சுகுமார் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஸ்டேஷனில் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எஸ்.ஐ. வயதில் சின்னவர். கடுமையாக எதுவும் பேசவில்லை. அலுப்பாகத்தான் கேட்டார்.

"போன் பேசினியா?"

"பேசினேன் சார்."

"யாரு?"

"ஓனர் சார். அவரு கூப்ட்டா எடுத்தே ஆவணும் சார்."

"எடுத்தே ஆவணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

தயாளன் வெள்ளைச் சட்டையில் வந்து சேர்ந்தார். அவரோடு ஒரு வக்கீலும் வந்திருந்தார். எஸ்.ஐ. நாற்காலி காட்டினார். தயாளன் உட்காரவில்லை. பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று உண்மையாகவே கண் கலங்கினார். மருத்துவச் செலவு முழுக்கத் தன்னுடையது என்று சொன்னார். அப்புறம் சுகுமார் பக்கம் திரும்பினார்.

"வண்டியில ஸ்டிக்கரே ஒட்டிக்கீறேன் சார். ஓரங்கட்டிப் பேசுன்னு ஒவ்வொரு மீட்டிங்கிலயும் தலைதலையா அடிச்சுக்கறேன். ஓடற வண்டியில எடுப்பான்னு எனக்குத் தெரியுமா?"

"ஸ்கூல் வேன்ல ஆயா இருக்கணுமே. ஆயா எங்க?" என்றார் எஸ்.ஐ.

"கீறாங்க சார். ஞானம்மாள்னு. இன்னிக்குப் பாத்து லீவு. காய்ச்சல்."

சுகுமார் பெஞ்சிலிருந்து எழுந்தான். "சார், ஆயாவ எடுத்துட்டாங்க சார். காலாண்டு லீவுலேர்ந்து ஆயாவே இல்ல. அந்தக்கா இருந்திருந்தா இது நடந்தே இருக்காது சார். வேணும்னா அவங்களையே கூப்ட்டுக் கேளுங்க."

தயாளன் அவனைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. ரொம்ப நாள் பழகின ஆள் திடீரென்று கடன் கேட்டால் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"கேட்டுடுவோம்" என்றார் எஸ்.ஐ. "நாளைக்கு அந்தம்மாவ வரச் சொல்லுங்க. ஆயாவே இல்லாம ஓட்டினது உண்மைன்னா அது வேற கேஸு. ஓனரும் உள்ள வருவாரு. இல்லன்னா எல்லாம் உன் தலையிலதான். லைசென்ஸு போயிரும், பாத்துக்க."

ஜாமீனில் விட்டார்கள். லைசென்ஸையும் பேட்ஜையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி ஷீலா சோறு போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான். தாம்பரம் சானடோரியத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா அடிக்கிறவள் அவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின தழும்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பார்த்த சுகுமார் ஏதாவது ஒரு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவன்தான். லாரி, தண்ணி டேங்கர், கால் டாக்ஸி, அப்புறம் வேன். ஸ்டியரிங் இல்லாத சுகுமார் எப்படியிருப்பான் என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

"ஞானக்கா சொல்லிடும்" என்றாள். "நம்ம வூட்டுச் சோறு துண்ணவங்க. பொய் சொல்ல மாட்டாங்க."

"சொல்லிடும்" என்றான் அவனும்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனான். வேதாவின் அப்பா வராந்தாவிலேயே மறித்துவிட்டார். அடிக்கத்தான் வருகிறார் என்று சுகுமார் நினைத்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவர் அடிக்கவில்லை. "போயிடுங்க, ப்ளீஸ், என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றார். கதவு இடுக்கில் கட்டிலின் ஓரமும், மாவுக்கட்டுப் போட்ட சின்னக் கையும் தெரிந்தன. கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கியிருந்தன. தினமும் இறங்கும்போது "பை அங்கிள்" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போகிற கை அது.

படியிறங்கும்போது வினிதா பின்னாலேயே வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"நீங்க போன்ல இருந்தீங்களா அங்கிள்?"

"ஆமாம்மா."

அவள் ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பைய உள்ள வச்சுட்டு நானே தூக்கி ஏத்தியிருக்கலாம். மீட்டிங்ல என் பேரைக் கூப்பிட்டாங்க" என்றாள். அவனிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. அப்புறம் அவள் திரும்பி மேலே போய்விட்டாள். புகாரில், டிரைவர் போன் பேசிக்கொண்டே வண்டியை எடுத்தான் என்று அவளுடைய கணவர் எழுதியதுதான் இருந்தது. அதை அவள் மாற்றவும் இல்லை. மாற்று என்று கேட்க சுகுமாருக்கு மனமும் இல்லை.

அன்றைக்கே வெயில் தாழ்ந்த நேரத்தில் ஞானம்மாள் வந்தாள். ஞானம்மாள் எப்போதும் வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். இன்றைக்குச் சத்தமே இல்லாமல் கதவோரம் வந்து நின்றாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். ஷீலா பாயை விரித்தாள்.

"உக்காருக்கா. ஸ்டேஷனுக்குப் போனியா?"

"போயிட்டுத்தான் வரேன்."

"இன்னா சொன்ன?"

ஞானம்மாள் உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"காய்ச்சல்னு சொல்லிட்டேன் ஷீலா. கைநாட்டும் வச்சுட்டேன்."

பக்கத்து வீட்டில் குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்தது.

"ராத்திரியே கார எடுத்துகினு வந்துட்டாரு" என்றாள் ஞானம்மாள். "மறுபடி வேலைக்கு வா, நடுவுல நின்ன மாசத்துக்கும் சேத்துக் குடுத்துடறேன், நீ எப்பவும் வேலையிலதான் இருந்தன்னு சொல்லணும்னாரு. நான் எத்தினி வூட்டுல பத்துப் பாத்திரம் கேட்டு அலைஞ்சேன்னு உனுக்குத் தெரியும் தம்பி. இந்தக் கால் மூட்ட வச்சிகினு மூணு மாடி ஏற முடியல. நாலு நாள் போனா அஞ்சாவது நாள் வேற ஆள் பாத்துக்கறாங்க."

"அதுக்கு?" ஷீலாவின் குரல் கிழிந்தது. "அதுக்கு எம் புருஷன் தலையில கல்லப் போடுவியா நீ? உனுக்கு வேல வேணும்னா இவருக்கு வேணாமா? எங்க வூட்டுல உக்காந்து துண்ணலியா நீ?"

"துண்ணேன். இல்லேங்கலியே."

"போடி வெளிய."

"ஷீலா" என்றான் சுகுமார்.

"நீ சும்மா இரு. வாய் இல்லாதவன்னுதான் அல்லாரும் உன் தலையிலயே ஏத்தறாங்க."

அவனுக்கும் கோபம் இருந்தது. இல்லாமல் இருக்குமா? எழுந்து போய் அந்தப் புதுச் செருப்பைத் தெருவில் எறிய வேண்டும்போல இருந்தது. ஆனால் ஞானம்மாளின் கால்களைப் பார்த்தான். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் அழுந்தியிருந்தது. இவள் உண்மையைச் சொல்லியிருந்தால் தயாளன் உள்ளே போயிருப்பாரா? ஒருநாள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டுப் போயிருப்பார். இவள் மறுபடி மாடி ஏறியிருப்பாள். இப்படி நினைத்துப் பார்த்தும் கோபம் ஆறவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியாமல் போயிற்று.

"நாளைக்கு வண்டில போறியாக்கா?"

"போறேன் தம்பி."

"புள்ளைங்கள ஏத்தறப்ப வெளிய எறங்கி நின்னு ஏத்து. புது டிரைவர் யாரு?"

"எவனோ சின்னப் பையன். ஊருக்குப் புச்சு."

"அவன்கிட்ட சொல்லு. ஓனர் கூப்ட்டா எடுக்காதன்னு சொல்லு."

ஞானம்மாள் தலையை ஆட்டினாள். சொல்ல மாட்டாள் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. வாசலில் இறங்கினவள், திரும்பி, "அந்தப் பாப்பா முகம் கண்ணுலயே நிக்குது தம்பி, நான் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமலே போய்விட்டாள். ஷீலா கதவை அறைந்து சாத்தினாள். அப்புறம் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி போலீஸ் எழுதிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆள்மாற்றி ஆள் அலைக்கழித்தார்கள். கடைசியில் ஒரு குமாஸ்தா பரிதாபப்பட்டு ஒரு யோசனை சொன்னார். சாலைப் பாதுகாப்பு வாரம் வருகிறது. டிராபிக் போலீஸ் நடத்தும் விழிப்புணர்வுப் பிரசாரத்தில் வந்து நின்றால், இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை எழுதித் தருவார். ரத்து என்பது சில மாத நிறுத்தமாகக் குறையலாம். குறையும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சுகுமார் சரி என்றான். வேறென்ன செய்வது? கட்டட வேலைக்குப் போய் இரண்டு நாள் கலவை சுமந்து பார்த்திருந்தான். மூட்டு இடம் கொடுக்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நிற்கச் சொன்னார்கள். ஹெல்மெட் போடாமல் பிடிபட்ட கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேரும் கூட நின்றார்கள். ஆளுக்கொரு பலகை. பையன்களுக்கு அது ஒரு தமாஷ். ஒருவரையொருவர் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சுகுமாருக்குக் கொடுத்த பலகையில் சிவப்பு எழுத்தில், 'செல்போன் பேசிக்கொண்டு வாகனம் ஓட்டாதீர்! உங்கள் கவனக்குறைவு பிறர் உயிருக்கு ஆபத்து' என்றிருந்தது. பலகையின் கம்பு சொரசொரப்பாக இருந்தது. பள்ளி நேரம். வேளச்சேரி பக்கம் போகிற வண்டிகள் இடைவெளியில்லாமல் வந்தன. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டு போகிறவர்கள், மடியில் போனை வைத்துக் குனிந்து குனிந்து நிமிர்கிறவர்கள், சிக்னலில் நிற்கிற நேரத்துக்குள் எதையோ தட்டி அனுப்புகிறவர்கள். சிலர் பலகையைப் படித்தார்கள். அப்புறம் அதைப் பிடித்திருக்கிறவனைப் பார்த்தார்கள். இவன் ஏதோ செய்திருக்கிறான் என்று முகம் சொன்னது. அதுதான் சுகுமாரைப் பிடுங்கித் தின்றது. அடித்தாலும் தாங்கலாம், அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

சிவப்பு விழுந்தது. மஞ்சள் வேன் ஒன்று வந்து அவனுக்கு நேர் எதிரே நின்றது. முன் பம்பரில் இருந்த நசுங்கலை வைத்தே அது அவன் ஓட்டிய வேன்தான் என்று தெரிந்துவிட்டது. டிரைவர் மீசை இன்னும் சரியாக அரும்பாத பையன். விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, முன்னால் மாட்டியிருந்த திரையைத் தொட்டுக்கொண்டிருந்தான். கதவோரச் சீட்டில் ஞானம்மாள் ஒரு பிள்ளையை மடியில் வைத்து டை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் சுகுமாரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் படித்துவிட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். பின் சீட்டிலிருந்து ஒரு பிள்ளை, "டேய், பழைய அங்கிள்டா!" என்று கத்தியது. இரண்டு மூன்று கைகள் ஜன்னலுக்கு வெளியே வந்து ஆடின.

பையன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு சுகுமாரைத் தெரியாது. பலகையைப் படித்தான், லேசாகச் சிரித்தான். அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது. திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அவசரமாக எடுத்துக் காதில் வைத்தான்.

"ஓனரே, வணக்கம் ஓனரே... இல்ல ஓனரே, ஏரியில இல்ல, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல நிக்கிறேன்... இதோ, பச்சை வுழுந்துடுச்சு, எடுத்துட்டேன் ஓனரே..."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கியரைப் போட்டான். சுகுமார் தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தான். வாயைத் திறந்தான்.

"யோவ், எங்கய்யா போற? ஓரமா நில்லு" என்று டிராபிக் கான்ஸ்டபிள் கத்தினார். "போர்ட நேரா புடி. வண்டி ஓட்றவனுக்குத் தெரிய வேணாமா?"

வேன் அவனை உரசிக்கொண்டு போயிற்று. சுகுமார் ஓரத்துக்கு வந்து, பலகையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.